சொல்லாமப் போ

ஆழ்குடியில் யாரும் "நான் போறேன்" என்று சொல்வதில்லை. கக்கூசுக்கு எழுந்தால்கூட "வந்துருதேன்" என்றுதான் சொல்ல வேண்டும். என் மகள் அமலிக்கு வாய் நீளம். கதவு அணியில் அன்றுதான் அவளுக்கு முதல் வேலை. அவசரத்தில், "சாப்ட்டாச்சும்மா, நான் போ..." என்று ஆரம்பித்துவிட்டாள். தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன். சுவரில், பேசுவதையெல்லாம் கேட்டுப் பதிகிற காதுப்பெட்டியின் சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

"சும்மா பேச்சுக்குத்தானம்மா சொன்னேன்!"

"பேச்சுக்குக்கூட வேண்டாம். நட."

கடலுக்கு அடியில் வாழ்கிறவர்களுக்குக் கதவுதான் உயிர். தண்ணீர் புகுந்தால் தானியங்கிப் பூட்டு மூடிக்கொள்ளும். அது செத்துப்போனால் கைச்சக்கரம் இருக்கிறது, ஆனால் வெளிப்பக்கம் மட்டும். பயத்தில் உள்ளே இருப்பவர்கள் திறந்துவிடக் கூடாது என்று முன்னோர்கள் அப்படி வைத்துவிட்டார்கள். அதனால் சில வருடங்களுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் தண்ணீர்ப் பக்கம் நின்று சக்கரத்தைச் சுற்ற வேண்டியிருக்கும். அவர் திரும்ப வரமாட்டார்.

அணியில் எங்கள் இருவரோடு மூன்றாவது ஆள் ராயப்பன். என்னோடு சேர்ந்து விளையாடி வளர்ந்தவன், சரியான கள்ளப்பயல். நாங்கள் நடைபாதையில் போகும்போது சின்னப் பிள்ளைகள் வட்டமாக நின்று, யார் பிடிக்கிற ஆள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

*ஒத்தக் கதவு, ஓங்கில் கதவு,*
*பச்ச விளக்கு, பவள விளக்கு,*
*கூட வந்தது, கொடுவா மீனு,*
*சோத்த மூடு, சொல்லாமப் போ!*

"உங்க ராயப்பன் மாமாமேல இது ஒரு தடவகூட விழுந்ததில்ல," என்றேன் அமலியிடம். "பாதி எண்ணும்போது தடுக்கி விழுற மாதிரி நடிச்சு எடம் மாறிருவான்."

"அது திறமைட்டி," என்றான் ராயப்பன்.

"கரையில இருந்த காலத்துப் பாட்டாம். அர்த்தமே கெடையாதுன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க மாமா."

"அவங்க சொன்னாங்களாக்கும்! கரையில எவன் கதவுக்குப் பச்ச விளக்கும் பவள விளக்கும் போட்டான்? இது இங்கன வச்சுக் கட்டுன பாட்டு பிள்ள. சட்டம் வந்த பொறவு கட்டுனது."

"யாரு கட்டுனது?"

அவன் காதுப்பெட்டியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

சட்டம் என்ன என்று அமலிக்கும் தெரியும். ஆதியில் "நான் போறேன்" என்று முன்வந்தவர்களுக்கு மாலை போட்டார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் வேண்டாத ஆளை முன்வரச் சொல்லித் தள்ள ஆரம்பித்தார்கள். பிள்ளை பெறாத மருமகள், கால் விளங்காத தம்பி, எல்லாரும் 'தானாக' முன்வந்தார்கள். கண்றாவி! அதனால்தான் தானாகப் போவது குற்றம் என்று ஆக்கினார்கள். தேர்வி என்கிற இயந்திரம் குலுக்கிப்போட்டு எடுக்கும். எடுக்கப்பட்டவர் வீட்டுக்குக் காற்றுப்பங்கு தலைமுறைக்கும் உண்டு. தானாகப் போனவர் வீட்டுக்கு அது அறவே கிடையாது.

தெற்குக் கதவை நாங்கள் வெளிப்பக்கம் நின்று சோதித்துக்கொண்டிருக்கும்போது வெளிச்சுவர் பிளந்தது. சத்தம் வருவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. தானியங்கிப் பூட்டு அசையவில்லை. தேர்வியின் திரை இருண்டு கிடந்தது. காதுப்பெட்டி மட்டும் எரிந்தது, பாழாய்ப்போனது. கதவுக்கு உள்ளே மொத்த ஊரும் இருந்தது.

"அம்மா, நான்..." என்றாள் அமலி.

ராயப்பன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். "எண்ணுவோம்! தேர்வி செத்தா எண்ணலாம்னு சட்டத்துல இருக்கு. நானே எண்ணுதேன்."

"நீயா? உன்ன எனக்குத் தெரியாதாக்கும். நான் எண்ணுதேன்."

அது என்மேல் விழ வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு இருந்தது. பாட்டில் எட்டு அடி, அடிக்கு ஒரு ஆள். மூன்று பேர் நின்றால், யாரிடம் தொடங்குகிறோமோ அவருக்கு அடுத்த ஆள்மேல் கடைசி அடி விழும். வட்டத்தில் அமலிக்கு அடுத்து நான் நின்றேன். அமலிமேல் விரலை வைத்தேன்.

"ஒத்தக் கதவு..."

ராயப்பன் கால் வழுக்கியவன்போல் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து விழுந்து நிமிர்ந்தான். அடப்பாவி, இந்த நேரத்திலுமா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது. அவனைத் தொட்டேன், என்னைத் தொட்டேன், மறுபடி அமலி. பவள விளக்கைத் தாண்டியபோதுதான் எனக்கு உறைத்தது. அவன் தப்பிக்க இடம் மாறவில்லை. இப்படியே போனால் அவன்மேல்தான் விழும்.

ஓர் அடியைக் கூட்டிப் போட்டால் என்மேல் திரும்பிவிடும். முயன்றேன். ஆனால் அமலியும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். ராயப்பன் எங்கள் இருவரையும் மீறித் தொண்டை கிழியக் கத்தினான். பாட்டு என் கையை விட்டுப் போய்விட்டது.

"சோத்த மூடு, சொல்லாமப் போ!"

என் விரல் அவன் நெஞ்சில் நின்றது. அவன் காதுப்பெட்டியை ஒருமுறை பார்த்தான், என்னைப் பார்த்தான். வாய் திறந்து சொல்ல முடியாதவர்கள் கட்டிய பாட்டு அது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஏல ராயப்பா..." என்று அவன் கையைப் பிடித்தேன்.

"விழுந்துட்டு, என்ன செய்ய? நம்ம தலையெழுத்து," என்று பெட்டிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான். "பிள்ளயக் கூட்டிட்டு உள்ள போயிருட்டி."

கதவு மூடியது. சக்கரம் சுற்றி முடிகிறவரை உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

விசாரணை அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தானாகப் போனாரா?"

"இல்ல. எண்ணுனோம். அவன்மேல விழுந்துச்சு."

நானும் அமலியும் போனபோது ராயப்பனின் மனைவி பிரகாசி வாசலிலேயே நின்றாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள். தலைக்கு மேலே சிவப்புப் பொட்டு.

"அவருமேல ஒருநாளும் விழாதே சலேத்தக்கா. யாரு எண்ணுனா?"

நடந்ததைச் சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்குக் காற்று கிடையாது.

"நான்தான் எண்ணுனேன்."

"உன் பிள்ள வந்துட்டாள்ல? நல்லாரு. நல்லா இருந்துட்டுப் போ." கதவை அறைந்து சாத்தினாள்.

திரும்பி வரும்போது அமலி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் நடைபாதையிலும் பெட்டி எரிந்துகொண்டுதான் இருந்தது.

"எங்க ஆரம்பிச்சா எங்க முடியும்னு ஒனக்கு முன்னமே தெரியுமாம்மா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் எண்ணுனியா?"

"ஆமா," என்றேன்.

அவள் கையை விட்டுவிட்டாள்.