முருங்கை மரத்தடியில் கொட்டிய டீ

"என் கையால போட்ட டீ என்ன வெஷமா?"

கொல்லைப்புற முருங்கை மரத்தடியில் டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டிருந்த சாந்தா திடுக்கிட்டுத் திரும்பினாள். மாமியார் ரெங்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். போச்சு! இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் ஊற்றி வந்தது, திருவிழாவும் அதுவுமாக விடிந்தும் விடியாத நேரத்தில் பிடிபட்டுவிட்டது.

"இல்லத்தே... எறும்பு விழுந்து கெடந்துச்சு..."

"தெனமுமா எறும்பு விழுவுது? மரத்தடி பூரா எறும்பு மொய்க்கிறப்பவே நெனச்சேன்! கட்டுன புருஷனுக்கு ஒரு கிட்னியக் குடுக்க மனசில்லாதவளுக்கு, அவன் ஆத்தா போட்ட டீ எப்படி எறங்கும்?"

வந்துவிட்டதா! எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். குழம்பில் உப்பு கூடினாலும் கிட்னிதான். வயலில் பட்டறை போட்டுச் சேர்த்துவைத்த சின்ன வெங்காயம் மழையில் நனைந்தாலும் கிட்னிதான். இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டுச் சாந்தாவுக்குக் காது புளித்துப்போயிருந்தது. 'கடவுளே, எனக்கு வாய் இல்லாமலா படைச்ச? இருக்கிற வாயைத் திறக்க முடியாமப் பண்ணிட்டியே!' என்று மனசுக்குள் கத்திக்கொண்டே டம்ளரைக் கழுவினாள்.

அவள் வாயை அடைத்தவன் கொழுந்தன் சாமிதுரை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன் அய்யம்பெருமாளுக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்தபோது, சாந்தாவும் சாமிதுரையும்தான் திருச்சி ஆஸ்பத்திரியில் சோதனைக்குப் போனார்கள். அவளுக்கே தெரியாமல் அவள் உடம்பில் சர்க்கரை இருந்தது. டாக்டர் கண்டிப்பாக முடியாது என்றுவிட்டார். சாமிதுரைக்கு எல்லாம் பொருந்தியது. கையெழுத்துப் போடும் நாளன்று அவன் ஆஸ்பத்திரி படிக்கட்டில் உட்கார்ந்து, "பயமா இருக்கு அண்ணி... அனிதா வேற ஏழு மாசம்..." என்று தேம்பித் தேம்பி அழுதான்.

சரி, பயந்தவனை இழுத்து வந்தா படுக்க வைக்க முடியும்? மனசில்லாதவரிடம் எடுக்கவே மாட்டோம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் முந்தின பஸ்ஸில் ஊருக்கு வந்தவன், பெற்றவளின் முகத்தைப் பார்க்க முடியாமல், "அண்ணிக்குத்தாம்மா பொருந்துச்சு... அண்ணி பயந்துட்டாங்க" என்று சொல்லிவைத்திருந்தான். சாந்தா வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதே ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மறுத்துப் பேச வாயெடுத்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் மனைவி அனிதாவின் கண்களைப் பார்த்தாள். தம்பிதான் பின்வாங்கினான் என்று தெரிந்தால் கணவனும் உடைந்துபோவான் என்று நினைத்தாள். முழுங்கிவிட்டாள். அன்றிலிருந்து சர்க்கரை மாத்திரை கொத்தமல்லி டப்பாவுக்குள் போனது. மாமியார் போடும் பாயசம் மாதிரி டீ மரத்தடிக்குப் போனது.

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையில் ஃபோன் அடித்தது.

மூளைச்சாவு அடைந்தவர்களின் கிட்னிக்காகப் பெயர் பதிந்த நாளிலிருந்து அந்த ஃபோன் அவள் இடுப்பைவிட்டு இறங்கியதில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு பையும் தொங்கியது. அதில் இரண்டு வேட்டி, துண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டுகள். மாதம் ஒருமுறை அந்த வேட்டிகளை அலசி மடித்துத் திரும்ப வைப்பாள். "எவன் சாவான்னு மூட்டை கட்டி வெச்சிருக்கா பாரு" என்பாள் ரெங்கம்மாள். ஃபோனிலோ இரண்டு வருஷமாக இன்சூரன்ஸ்காரர்கள்தான் பேசினார்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு துள்ளி விழும். போன வாரம் ஒரு பெண்ணை, "ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லியா?" என்று பிடித்துத் திட்டியும்விட்டாள்.

இன்று பேசியது ஆஸ்பத்திரிக்காரப் பெண். "ஒரு கிட்னி வந்திருக்கும்மா. உங்க வீட்டுக்காரர் ரெண்டாவது ஆள். முதல் ஆளுக்கு ஒத்து வரலைன்னா அவருக்குத்தான். மூணு மணி நேரத்துல வந்துடுங்க. எதுவும் சாப்பிடக் கூடாது. தங்கற மாதிரி வாங்க."

"ஏங்க...! கெளம்புங்க! வந்துடுச்சுங்க!"

அய்யம்பெருமாள் எழுந்து வந்தான். அவன் வலது மணிக்கட்டில் மஞ்சள் கொம்பு கட்டிய காப்புக் கயிறு தொங்கியது. சாந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, மாரியாத்தா! முந்தாநாள்தான் கட்டியது. மகன் பிழைக்கவேண்டும் என்று ரெங்கம்மாள் வேண்டிக்கொண்டு கட்டவைத்தது. காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை ஊர் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. டயாலிசிஸ் பெரம்பலூரில்தானே, பொழுதோடு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டவளுக்கு, இந்த அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று தோன்றவே இல்லை.

"எல்லை தாண்டித் தங்கக் கூடாது" என்று வாசலை மறித்தாள் ரெங்கம்மாள். "ஆத்தா குத்தம் ஆயிடும். எம்புள்ள எனக்கு வேணும்!"

"அத்தே, உங்க புள்ள வேணும்னுதான் நானும் சொல்றேன்! விடுங்க, நேரமாவுது!"

"அம்மா சொல்றதும்..." என்று இழுத்தான் அய்யம்பெருமாள்.

சாந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனை என்னதான் செய்வது? "என்ன சொல்றதும்? ரெண்டு வருஷமா ஒங்களுக்குத் தண்ணிய டம்ளர்ல அளந்து குடுத்துக்கிட்டு, நாலு வாய் கூடக் குடிச்சா சண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்! இதுக்காகத்தானே? இப்ப நின்னு இழுக்குறீங்களே!"

"பேசுறா பாரு!" ரெங்கம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "குடுக்க வேண்டியத அன்னைக்கே நீ குடுத்திருந்தா, எம்புள்ள இன்னைக்கு எவன் வூட்டு எழவுக்கோ ஏன் காத்துக் கெடக்கணும்? பாவி...!"

"அம்மா! நிறுத்தும்மா!"

வயலுக்குக் கிளம்பிய சாமிதுரை வாசலில் நின்றான். பின்னால் இடுப்புக் குழந்தையோடு அனிதா. அவன் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி பயப்படலம்மா... நான்தான் பயந்தேன். எனக்குத்தான் பொருந்துச்சு. அண்ணிக்குச் சக்கரை. அவங்களால குடுக்கவே முடியாது... நான் பொய் சொன்னேன். இவ்வளவு நாளா நீ திட்டுறதக் கேட்டுக்கிட்டு, உள்ளார உக்காந்து சோறு தின்னேம்மா..."

அனிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரெங்கம்மாள் சின்ன மகனைப் பார்த்தாள். பிறகு கொல்லைப்பக்கம், அந்த முருங்கை மரத்தைப் பார்த்தாள்.

சாமிதுரை வலது கையை நீட்டினான். "காப்ப எனக்கு மாத்திக் கட்டும்மா. கூடப் பொறந்தவன் வாங்கிக்கலாமுல்ல? நான் எல்லை தாண்டல. அண்ணன் போவட்டும்."

ரெங்கம்மாள் பெரியவன் கைக் கயிற்றை அவிழ்த்தாள். சின்னவன் முகத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் அவன் கையில் மூன்று முடிச்சுப் போட்டாள். "அன்னைக்குத்தான் ஏந்திக்கல... இதையாவது ஏந்திக்க. பூசாரிக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றாள். கதவுக்குப் பின்னாலிருந்த பையை எடுத்து வந்து சாந்தா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாடகைக் கார் பாடாலூர் தாண்டும்போது அய்யம்பெருமாள் மெதுவாக, "எனக்குத் தெரியும் சாந்தா" என்றான்.

"என்ன தெரியும்?"

"கொத்தமல்லி டப்பா. மாத்திரையப் பாத்தேன். பெரம்பலூர்ல நர்ஸ் அம்மாகிட்டக் கேட்டேன், சக்கரை மாத்திரைன்னாங்க. அப்பவே புரிஞ்சிடுச்சு."

"எப்ப?"

"ஆவுது... ஒன்றரை வருஷம்."

சாந்தா அவனையே பார்த்தாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகக் கிளம்பின. "தெரிஞ்சுக்கிட்டே இருந்தீங்களா? ஒங்கம்மா என்னைக் காறித் துப்பாத கொறையா பேசுறப்பவும் வாயை மூடிக்கிட்டு...? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க!"

"சொன்னா தம்பி கெட்டவனாயிடுவானேன்னு..." அவன் கண் நிறைந்தது. "அவன் பயந்தது தப்பில்ல. பொய் சொன்னதுதான் தப்பு. தெரிஞ்சும் பேசாம இருந்தேன் பாரு, நான்தான் எல்லாத்துலயும் பெரிய தப்பு. உன் தலையில எல்லாத்தையும் ஏத்திட்டேன் சாந்தா... மன்னிச்சுடு."

"மன்னிக்க மாட்டேன்! மொதல்ல நல்லா ஆயி வாங்க, ஒரு மாசம் ஒக்காரவெச்சுத் திட்டிட்டு, அப்புறம் யோசிக்கிறேன்!" என்று சொல்லிவிட்டு அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். டிரைவர் பாவம், கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். மறுநாள் காலை அந்தப் பெண் வந்து, முதல் ஆளுக்கே பொருந்திவிட்டது என்றாள். "மனச விட்றாதீங்கம்மா. வரிசை மேல வந்திருக்கு."

"போவட்டும், அந்த மனுஷனாவது பொழைச்சுக்கட்டும்" என்றான் அய்யம்பெருமாள்.

"ஒங்க பெரிய மனசுல தீய வெக்க!" என்று எரிந்து விழுந்தாள் சாந்தா. ஆனால் படி இறங்கும்போது, அந்த முகம் தெரியாத ஆளுக்காகவும், கிட்னி கொடுத்துவிட்டுப் போன அந்த உயிருக்காகவும் ஒருமுறை கும்பிட்டுக்கொண்டாள்.

வீட்டுவாசலில் ரெங்கம்மாள் காத்திருந்தாள். 'பாத்தியா, ஆத்தா குத்தம்' என்று ஆரம்பிப்பாள். ஆரம்பிக்கட்டும், இன்று பதிலுக்குப் பதில் கொடுத்துவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினாள் சாந்தா.

ரெங்கம்மாள் பையை வாங்கினாள். வேட்டிகளை எடுத்து உதறிப் பார்த்தாள். "அலசிப் போடுறேன். காஞ்சதும் மடிச்சு வெச்சிடணும். எப்பக் கூப்புடுவானோ" என்றாள். உள்ளே திரும்பி, "அடியே அனிதா! அந்த மிக்ஸி வயரப் புடுங்கு, அதுல அக்கா ஃபோனு சார்ஜ் ஏறட்டும்!" என்று ஒரு அதட்டல் போட்டாள்.

பிறகு அடுக்களைக்குள் போய் ஒரு டம்ளரோடு வந்தாள். சாந்தா கைநீட்டத் தயங்கினாள்.

"குடிடி. சக்கரை போடல."

சாந்தா டம்ளரை வாங்கினாள். ரெங்கம்மாள் சட்டென்று அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "எத்தன டம்ளருடி கொட்டுன... எனக்குப் பயந்து, பச்சத் தண்ணியோட வயலுக்குப் போயிருக்கியேடி எங்கண்ணு..."

"விடுங்கத்தே... டீ சிந்துது!" என்றாள் சாந்தா, அழுதுகொண்டே. டம்ளரை உயர்த்திப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அப்புறம் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து, ஆறிப்போயிருந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.