இடது காதில் சொன்னது

மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை மணிக்குக் கொலை நடந்தது. நாலே முக்காலுக்கு அதே கொலை மறுபடி நடந்தது. மூன்றாவது முறையும் "ஐயோ... விட்டுடு!" என்று மாடியிலிருந்து அலறல் வந்தபோது, கீழே இருந்த காதுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

காதுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று அளந்து காது மிஷின் பொருத்துவது அவர் தொழில். கடை திறந்து பத்து நாள். வயது நாற்பத்தைந்து, மனைவி இறந்து ஆறு வருஷம், எப்போதும் கசங்காத சட்டை. பத்து நாளில் தெரு விசாரித்தது இவ்வளவுதான். மழை இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கும்.

நனைந்துகொண்டே படியேறிக் கதவைத் தள்ளினார். பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பார்த்தது இரண்டு கண்களை மட்டும்.

மழையை வெளியே விட்டுவிட்டு மின்னலை மட்டும் உள்ளே வைத்துக்கொண்ட கண்கள்... பிற்பாடு அவரே அப்படித்தான் சொன்னார். காது பார்க்கிறவருக்குக் கண்ணைப் பற்றி எதற்கு இவ்வளவு பேச்சு என்று தெருக்காரர்களான நாம் கேட்கவில்லை.

"யார் சார் நீங்க? கொலை இன்னும் முடியலை," என்றாள் அவள்.

"கீழே கண்ணாடி ரூம்ல ஒருத்தருக்கு டெஸ்ட் எடுக்கறேங்க. மிஷின் சத்தம் கேட்டா பொத்தானை அமுக்கணும். அவர் உங்க அலறலுக்கு அமுக்கறார்! எழுபது வயசுக்காரருக்குப் பச்சைக் குழந்தையோட காதுன்னு ரிசல்ட் வருது!"

வகுப்பு சிரித்தது. அவளுக்கும் உதட்டோரம் லேசாக... 

"கண்ணாடி ரூமுக்குள்ளயே கேட்டுதா? நான் இவங்களுக்குச் சொல்றதே அதுதான் சார். கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்!"

இவளைத் தெரு மாடி மகாராணி என்றுதான் சொல்லும். பத்தொன்பது வயதில் மேடையில் மகாராணியாக நின்றவள். பிறகு சினிமா. பதினொரு படம். எட்டில் கதாநாயகியின் அக்கா, இரண்டில் வக்கீல், ஒன்றில் மட்டும் கதாநாயகி. அந்த ஒன்று நாலு நாள் ஓடியது. திரும்பவும் மேடைக்கே வந்தாள். முப்பத்தெட்டாவது வயதில் ஒரு நாள், இடப்பக்கத்தில் நின்ற நடிகன் வசனத்தை முடித்தும், பதில் சொல்லாமல் சிலையாக நின்றாள். அரங்கமே சிரித்தது. மறுநாளே நடிப்பை விட்டுவிட்டாள். திமிர் என்று எழுதினார்கள். காதல் தோல்வி என்றார்கள்... அது நாம் சொன்னதுதான், இல்லை என்று சொல்லவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் நாடக வகுப்பு தொடங்கி நாலு வருஷம் ஆகிறது.

ஐந்து மணி வரை அவருக்கு அமைதி, அதற்கு மேல் இவளுக்கு அலறல் என்று ஒப்பந்தம் ஆனது. ஒப்பந்தப்படி நடக்கிறதா என்று பார்க்க அவர் தினமும் மாடிக்கு வந்தார். பாவம், கடமை!

"அலறல் முடிஞ்சுதான்னு கேட்டுட்டுப் போலாம்னு..."

"அலறல் ஆறு மணிக்கே முடிஞ்சுது சார். இப்போ அழுகை."

"அப்போ அழுகை முடியற வரைக்கும் இருக்கேன்."

கீழே அண்ணி தன் வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "வாடகைக்கு விட்டது கீழ்க்கடையைத்தானே? மனுஷன் மாடியிலல்லவா குடியிருக்காரு!"

எல்லாம் நன்றாகத்தான் போனது. அவருடைய தொழில் புத்திதான் கெடுத்தது. அவள் எப்போதும் மாணவர்களை வலப்பக்கமே நிறுத்தினாள். அவர் இடப்பக்கம் உட்கார்ந்தால் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். ஒருநாள், வகுப்பு நடுவே, யோசிக்காமல் கேட்டுவிட்டார்.

"இடது காது எப்போலேருந்து கேக்கலை?"

அவள் சிரித்தாள். மகாராணியின் சிரிப்பு.

"சார்... வியாபாரத்தைக் கீழே வெச்சுக்குங்க. மாடியில ஆள் பிடிக்காதீங்க."

அவர் இறங்கிப் போனார். பன்னிரண்டு நாள் படியேறவில்லை. பன்னிரண்டு மாலையும் அவள் கண்கள் கதவுப் பக்கம் போய்ப் போய் வந்தன...

'காது கேக்காத டீச்சர்னு தெரிஞ்சா யாரு பிள்ளையை அனுப்புவாங்க? மேடை போச்சு. சினிமா போச்சு. இந்த மாடியும் போனா, நான் யாரு?'

வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நர்சிங் படிக்கிறவள். மூன்று மாதமாக முணுமுணுப்புக்கு மேல் அவள் குரல் எழுந்ததில்லை. பதின்மூன்றாம் நாள் மாலை, என்ன தைரியம் வந்ததோ, தானாகவே எழுந்து வந்து டீச்சரின் இடப்பக்கம் நின்று, முழு வசனத்தையும் மெல்லிய குரலில் தடங்கலில்லாமல் சொன்னாள். மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

நோட்டில் குனிந்திருந்த டீச்சர் நிமிர்ந்தாள். "என்னம்மா, இன்னைக்கும் வாயைத் திறக்க மாட்டியா?"

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

"மிஸ்... அவ சொன்னா மிஸ்," என்றது ஒரு குரல். "ரொம்ப நல்லா சொன்னா..."

மறுநாள் காலை மகாராணி முதலில் போனது அந்தப் பெண்ணின் வீட்டுக்கு. "உன் குரல்ல குறையே இல்லடா. என் காதுலதான். யார்கிட்டயும் சொன்னதில்லை, உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்," என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள். அவளையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு காதுக்காரர் கடைக்கு வந்தாள்.

"சார்... வியாபாரத்துக்கு ஆள் வந்திருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "பிள்ளைங்க முன்னாடி கேட்டது என் தப்புங்க. மன்னிச்சிடுங்க."

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டார். வழக்கமாக நாற்காலி சுவரைப் பார்த்து இருக்கும். அன்று அவரைப் பார்த்து இருந்தது. திருப்பிப் போட்டது யார் என்று இதுவரை தெரியவில்லை.

வலது காதுக்கு, அவள் பொத்தானை அமுக்க அமுக்க, அவர் மேஜையில் விளக்கு டக் டக்கென்று எரிந்தது. இடது காதுக்கு... நீண்ட நீண்ட அமைதி.

"மிஷின் வெச்சா கேக்கும்," என்றார் மைக்கில். "வகுப்பை விட வேண்டியதே இல்லை."

கிளிசரின் இல்லாமலே அவள் கண் நிறைந்தது.

"கடைசியா ஒண்ணு. இடது காதுல பேசறேன். கேட்டா அமுக்குங்க." ஒலியை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, என்னவோ சொன்னார்.

உடனே விளக்கு எரிந்தது!

"கேட்டிருக்கவே முடியாதே..."

"கேக்கலை. உங்க முகத்தைப் பாத்தேன். இருபது வருஷமா முகத்தைப் படிச்சவ சார் நான்." குரல் தணிந்தது. "இருந்தாலும்... வலது காதுல ஒரு தடவை சொல்லுங்களேன்."

அவர் தொண்டையைச் செருமினார். "உங்க இடப்பக்கம்... இனிமே நான் நிக்கட்டுமா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாடி அறைதானே, சத்தம் வெளியே போகாது என்ற தைரியம். அறைக்குள் பேசுவதை வெளியே கேட்கவைக்கும் ஸ்பீக்கர் பொத்தானைப் பதற்றத்தில் அவர் அமுக்கி வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது.

"நில்லுங்க! கொலை நடந்த அன்னைக்கே என் மனசு உங்ககிட்ட வந்துடுச்சு... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு!"

வெளியே காத்திருந்த ஆறு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நமக்கும் அன்று பார்த்து லேசாகக் காதுவலி. அங்கேதான் இருந்தோம்.

"எங்க எல்லாருக்கும் நல்லாவே கேட்டுது, இனிமே டெஸ்ட் எதுக்குங்க?" என்றாள் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கதவு திறந்தது. முகம் சிவந்து, தலைகுனிந்து, மகாராணி வெளியே வந்தாள். நர்சிங் பெண் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். தெருமுனை வரை போகிற குரலில் கத்தினாள்:

"மிஸ்! கடைசி வரிசை வரைக்கும் கேட்டுது, மிஸ்!"