சுருங்கிய பூனை

பூனையின் காது நேற்று இருந்ததைவிடக் கெட்டியாக இருந்தது.

அவள் விரலால் மறுபடி அழுத்திப் பார்த்தாள். காதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தொளதொளவென்று விட்டுவிட்டுத்தான் நேற்று எழுந்தாள். இப்போது ரப்பர் மாதிரி இறுகியிருந்தது. திரைச்சீலையைத் தாண்டி வந்த மதிய வெயிலில் கம்பளி இழைகள் மிதந்தன; அறை முழுக்க ஆட்டு வாடை.

இந்த வேலையில் தையலும் கிடையாது, பசையும் கிடையாது. நுனியில் பொடிப்பொடியாகப் பற்கள் வெட்டிய ஊசியால் கம்பளியைக் குத்தக் குத்த, இழைகள் உள்ளே இழுபட்டு ஒன்றோடொன்று சிக்கி இறுகும். பிறகு பிரிக்கவே முடியாது. கணவன் வேலை பார்க்கும் விரிப்பு ஆலையில் ஒரே பலகையில் ஆயிரக்கணக்கான ஊசிகள் இதைத்தான் செய்கின்றன. அந்த எந்திரத்திலிருந்து யாரோ ஒற்றை ஊசியைக் கழற்றிக் கையில் பிடித்ததில்தான் இந்தக் கைவேலையே பிறந்தது என்பான் அவன். அவளுக்கு முதல் ஊசியைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான்.

இந்தக் கம்பளிப் பூனைப் பொம்மை ஒரு டீச்சரம்மாவுக்காக. செத்துப்போன பூனையின் முடியைக் கவரில் போட்டுக் கொடுத்து, கம்பளியோடு சேர்த்துக் குத்தச் சொல்லியிருந்தார்.

பகலில் வீட்டில் மூன்றே பேர். அவள், நான்கு வயது பாப்பா, பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் நாத்தனார். இரண்டு முறை அவள் சமையலறையில் இருந்தபோது இந்த அறையில் சதக், சதக் என்று குத்தும் சத்தம் கேட்டது. ஓடி வந்தால் நாத்தனார் வெறுங்கையோடு நிற்பாள். பூனை பீரோ மேல் ஏறியிருக்கும்.

"அத எதுக்கு மேல வச்ச?"

"பாப்பா எடுத்து மடியில வச்சுக்கறா அண்ணி. எனக்கு அது பிடிக்கல."

"ஊசியத் தொட்டியா?"

"ஐயோ, ஊசின்னாலே எனக்குத் தலை சுத்தும். உங்களுக்குத் தெரியாதா?"

என்ன நடிப்பு என்று பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. தெரியாத கை குத்தினால் ஊசிமுனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். பாப்பா அதைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்சினால்? வாய் கூசாமல் பொய் சொல்கிறவளை நம்பிக் குழந்தையை எப்படி விடுவது?

மறுநாள் எல்லா ஊசிகளையும் எண்ணிப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றைக்கும் பூனை ஒரு சுற்றுச் சுருங்கியது.

அண்ணனிடம் தனியாக ஊசி வாங்கி வைத்திருக்கிறாள், வேறென்ன. நாத்தனாரைக் கூப்பிட்டு வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். நாத்தனார் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நான் போறேன் அண்ணி. அந்தப் பூனைய மட்டும் பாப்பாகிட்ட விட்றாதீங்க."

"என் பிள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியும்."

கதவைச் சாத்தியதும் நிம்மதியாக இருந்தது. ஒடிந்த முனை எங்காவது தட்டுப்படுகிறதா என்று பூனையை ஜன்னலோரம் கொண்டுபோய்த் தடவினாள். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. ஊசி இறங்கிய இடத்தில் சின்னக் குழி விழும், இழை உள்ளே போகும். இதில் குழி ஒன்றுகூட இல்லை. உடம்பு முழுக்க இழைகள் வெளியே தள்ளிக்கொண்டு நின்றன.

உள்ளேயிருந்து.

கையை உதறினாள். பூனை மேஜையில் விழுந்தது. அதை வெறுங்கையால் தொட மனம் வரவில்லை. சமையலறைக்கு ஓடி ஒரு பையை எடுத்து வந்தாள்.

மேஜை காலி.

சதக்.

பாப்பா படுத்திருந்த அறையில்.

சதக். சதக்.

பாப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. பூனை கன்னத்தோடு ஒட்டியிருந்தது.

"பாப்பா. அத அம்மாகிட்டக் குடு."

"வரமாட்டேங்குதும்மா."

அவள் பிடித்து இழுத்தாள். கன்னமும் கூடவே வந்தது. விரலால் ஓரம் தேடினாள். ஓரமே இல்லை. கம்பளி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை.

பாப்பாவின் காதோரத்து முடி, ஒவ்வொன்றாக, உள்ளே போய்க்கொண்டிருந்தது.