பதில் சலாம்

சர்புன்னிசா அடுப்படியில் இருந்தபோது வாசல் கதவு அவளை வரவேற்றது.

"வாங்க, சர்புன்னிசா."

பூட்டின் இயந்திரக் குரல். கதவு திறந்தது, ஈரக் காற்று வந்தது, மறுபடி மூடிக்கொண்டது.

விபத்தில் கழுத்தெலும்பு முறிந்ததிலிருந்து அவள் கால்கள் நடப்பதில்லை, விரல்கள் சாவியைப் பிடிப்பதில்லை. சிதம்பரத்திலிருக்கும் தம்பி அஃப்சல்தான் முதுநகர் வீட்டுக்கு இந்தப் பூட்டை மாட்டித் தந்தான். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அவள் குரலுக்கு மட்டுமே திறக்கும். ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தாலும் சலாம் சொல்பவள் அவள். அந்தச் சலாமையே கதவைத் திறக்கும் சொல்லாக அதில் பதிவு செய்திருந்தாள். பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி வண்டியில் போய்வந்து, யாரையும் எதிர்பார்க்காமல் தன் கதவைத் தானே திறந்து, இரண்டு வருடமாகத் தனியே வாழ்கிறாள்.

அஃப்சலுக்குப் போன் போட்டாள்.

"கரண்டு போயிட்டு வந்திருக்கும், லாத்தா. அதான் ஒளறுது."

"கரண்டு போகலடா."

"ஒன் கொரலு தெருமொன வரைக்கும் கேக்குமே. சுத்திட்டு இப்பதான் ஊடு வந்து சேந்துச்சோ என்னமோ!" சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். "நாளைக்கு கார் எடுத்துக்கிட்டு வர்றேன். பூட்டு கெட்ட ஊட்டுல ஒன்னத் தனியா வுட மாட்டேன்."

"பூட்டு நல்லாத்தான் இருக்கு. டிவி சத்தத்த தப்பா கேட்டுட்டேன்."

பொய்க்காக இறைவனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

மழை வலுத்து, துறைமுகப் பக்கமிருந்து கருவாட்டு வாடை ஜன்னல் வழியே வந்து கூடத்தில் தங்கி, வெளிச்சம் சுவரிலிருந்து மெல்ல இறங்கி அணைந்துகொண்டிருந்த வேளையில், வாசல் சரிவில் ஒரு வண்டி ஏறும் சத்தம் கேட்டது. மோட்டாரின் முனகல். இடது சக்கரத்தின் கிறீச்.

அவள் வண்டியின் கிறீச்.

அவள் உட்கார்ந்திருந்த வண்டி அசையவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அவள் குரல். களைத்து வீடு திரும்பும்போது வரும் அதே குரல்.

"வாங்க, சர்புன்னிசா."

கதவு திறந்தது. யாருமில்லை. மூடியது.

"அஸ்ஸலாமு அலைக்கும்." இப்போது கூடத்துக்குள்.

மீன்காரிக்கும் பிச்சைக்காரருக்கும் ஒருநாளும் பதில் சலாம் மறுக்காத வாய், பயம் எட்டுவதற்குள் சொல்லிவிட்டது:

"வ அலைக்குமுஸ்ஸலாம்."

கிறீச்.

வெறும் தரையில் இரண்டு ஈரக் கோடுகள் அவளை நோக்கி நீண்டன. சுவரோரமாக வண்டியைத் திருப்பிக் கதவுக்கு விரைந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்!"

"குரல் பொருந்தவில்லை," என்றது பூட்டு.

மறுபடி சொன்னாள். கத்தினாள்.

"குரல் பொருந்தவில்லை."

ஈரக் கோடுகள் வளைந்து வந்து அவள் பாதங்களுக்கு எதிரே நின்றன. அவற்றின் நடுவே சொட்டுச் சொட்டாக நீர் தேங்கியது. அதற்கு மேலிருந்து, அவள் முகத்தின் உயரத்தில், அவள் குரல் மிகுந்த அன்போடு சொன்னது:

"வ அலைக்குமுஸ்ஸலாம்."