உமி கொட்டிய மலை

ஓட்டையிலிருந்து கொட்டிய உமி சுட்டது. அதுதான் முத்துகிருஷ்ணனுக்கு முதலில் உறுத்தியது. நிழலில் கிடந்த உமி எப்படிச் சுடும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் மெச்சுகிறவருக்குத்தான் இனி சயின்ஸ் வகுப்பு. இத்தனை வருஷமாக அதை நடத்திவரும் முத்துகிருஷ்ணனை யார் சீந்துவார்கள்? எல்லோர் கண்ணும் பெஞ்சின் மேலிருந்த எரிமலை மீதுதான். ஏரிக் களிமண்ணில் அதைச் செய்தவன் போன மாதம் வேலைக்கு வந்த புது வாத்தியார் ஞானதாஸ், அவர் கழனியில் நாற்று நட்டவளின் மகன். வயிறு எரியாதா? நன்றாகவே எரிந்தது.

"அடியில கொழம்பு ரொம்பிக்கினு கீது சார்," என்று பிள்ளைகள் முன்னாலேயே அவருக்கு விளக்கியிருந்தான். "வெடிச்சி அது வெளிய கொட்டக் கொட்ட அடி காலியாய்டும். தாங்க ஒண்ணும் இல்லன்னா மலையே வட்டமா வெட்டிக்கினு உள்ள எறங்கிடும். இங்க கொழம்புக்குப் பதிலா உமி. தக்கையப் புடுங்கினா போதும்."

அந்தத் தக்கையைத்தான் இப்போது பிடுங்கியிருந்தார். மலை இன்றைக்கே சரியட்டும், நாளைக்கு அவன் முகம் தொங்கட்டும் என்று.

மலை சரியவில்லை. உமிதான் நிற்காமல் கொட்டியது. சரசரவென்று, புழுக்கிய நெல்லின் வாடையோடு, அவர் கணுக்கால் மூடி, முழங்கால் வரை ஏறியது. மலைக்குள் ஒரு மரக்கால் உமி பிடித்தால் அதிகம். மிச்சமெல்லாம் எங்கிருந்து வருகிறது?

குதிகாலால் தரையைத் தட்டிப் பார்த்தார். காலி நெற்குதிரில் தட்டியதுபோல் கேட்டது.

உமி நின்றது.

சுவரோரமாகத் தரையில் ஒரு விரிசல். மயிரிழைதான். வளைந்து ஓடியது. அவரைச் சுற்றி. வாசற்படிக்கு முன்னால் மட்டும் ஒரு முழம் பாக்கி.

காலை எடுத்தால் அந்த ஒரு முழமும் வெட்டிக்கொள்ளும்.

"சார்? உள்ள கீறீங்களா?" வாசலில் ஞானதாஸ். "மலைக்கு இன்னா ஆச்சு?"

வராதே என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. இன்ஸ்பெக்டர் இவன் தோளைத் தட்டுவது கண்ணில் ஆடியது.

"ஒண்ணும் ஆவல. உள்ள வாய்யா."

ஞானதாஸ் காலெடுத்து வைத்தான்.

விரிசலின் இரு முனையும் சேர்ந்தன. சத்தமே இல்லை. நான்கு பக்கத்துச் சன்னல்களும் மெல்ல மேலே போகத் தொடங்கின.