அதுல என்னம்மா இருக்கு?

விடிந்தும் விடியாமல் வீட்டு டெலிபோன் அலறியது!

மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ. விஜயஸ்ரீ ரிசீவரை எடுத்தாள்.

சேரன்மகாதேவி பக்கம், அம்மன் கோயில் கொடை விழா நடந்த ஊரில், வாழைத்தோப்புக்குள் ஒரு பிணம்... போட்டோகிராபர் வன்னியராஜ். மண்டையில் மண்வெட்டி அடி. காமிராவிலிருந்து பிலிம் உருவப்பட்டிருக்கிறது. கரகாட்டக்காரி சித்ரலேகா மேல்தான் ஊருக்கே சந்தேகம். அவளைக் கைது செய்யப் பெண் போலீஸ் வேண்டும்.

பேண்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவளைக் கணவன் கணேஷ்ராம் கட்டிலிலிருந்து பார்த்தான்.

வக்கீல். ஆபாச ஒழிப்புக் கழகத் தலைவன். கரகாட்டத்துக்குத் தடை கேட்டுக் கலெக்டரிடம் மனுக் கொடுத்தவன்!

"யூனிபார்ம் சேலை இருக்குல்லா? நாலு பேரு பாக்க பேண்ட்டைப் போட்டுக்கிட்டுப் போறே. எனக்கு அசிங்கமா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற பாட்டு. கொஞ்சம் பழைய ஆள், மற்றபடி நல்லவன் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். ராத்திரி பாபநாசத்தில் ஒரு விசேஷம் என்று போய்விட்டு அலுத்து வந்து படுத்தவன் வேறு... பாவம்!

சேலைக்கு மாறினாள்.

ஊரில் கொடைக் கமிட்டிப் பெரிய மனிதர்கள் கூடி நின்றார்கள். ஆட்டக்காரியை அவன் கண்டபடி படம் எடுத்தானாம், ஆத்திரத்தில் அடித்துவிட்டாளாம். அவளுடைய பாவாடையைக் குட்டையாகத் தைக்கச் சொன்னதே இதே கமிட்டிதான்!

சித்ரலேகாவிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. விஜயஸ்ரீ கேட்டாள்.

"படம் எடுத்ததுக்குக் கொல்லணும்னா, பாத்ததுக்கு இந்த ஊரையே கொல்லணும்மா" என்றாள் அவள். "ஒருத்தரு என் ரவிக்கையில ரூவா நோட்டுக் குத்துனாரு. அதை வன்னியராஜ் படம் எடுத்துட்டாரு. ஆட்டம் முடிஞ்சதும், பிலிமைக் குடுன்னு நோட்டுக் குத்துனவரு அவரைத் தோப்புக்குள்ள இழுத்துட்டுப் போனாரு."

"யாரு?"

"பேரை மைக்ல சொன்னாவ. தலையில கரகத்தோட நான் எங்க கேக்க?"

மைக் செட் இசக்கியப்பன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நோட்டுக் குத்துகிறவர்கள் பேரை ஊர் கேட்கச் சொல்வது அவர் வேலை.

"குத்துனது ஒருத்தர்தான், தாயி. டவுன் வக்கீல் கணேஷ்ராம் ஸார்வாள். கலை வள்ளல்னு சேத்து மூணு தடவ சொல்லச் சொன்னாவ."

விஜயஸ்ரீ கூடி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஊரு பூராக் கேட்டிருக்கு. ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையே அண்ணாச்சி?"

"அதுல என்னம்மா இருக்கு? ஆம்பளையாளு."

தோப்பில் கிடந்த பிணம் அவளை உலுக்கவில்லை. அந்த நோட்டுதான் உலுக்கியது. கட்டியிருந்த சேலை உடம்பில் எரிந்தது.

சித்ரலேகாவை விடச் சொன்னாள். "அண்ணாச்சி, மைக் செட்டையும் எடுத்துக்கிட்டு ஜீப்ல ஏறுங்க."

வீட்டில் கணேஷ்ராம் சவரம் செய்துகொண்டிருந்தான். அவள் நேரே உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பேண்ட் போட்டிருந்தாள்.

"மறுபடியுமா?"

"வன்னியராஜை எதுக்குக் கொன்னீங்க?"

பிளேடு நின்றது.

"ஆட்டக்காரி பேச்சை நம்புதியா? அவ என்ன குடும்பப் பொம்பளையா?"

"கலை வள்ளல்னு மூணு தடவ சொன்னாங்களாமே?"

அவன் பிளேடைக் கீழே வைத்தான். மைக்கில் சொன்னது காற்றோடு போய்விடும், படம் போகாது என்று நினைத்தவன்!

"பேப்பருக்குக் குடுப்பேன்னு மிரட்டினான் விஜி... கோவத்துல..."

விலங்கு 'க்ளிக்' என்றது.

"தெருவே பாக்கும். பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போ. வெக்கமா இருக்கு."

விஜயஸ்ரீ முன்வாசல் கதவை அகலத் திறந்தாள். ஜீப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, ஸார்வாள் வாராவ. பேரை இன்னொருக்கா மைக்ல சொல்லுங்க... மூணு தடவ!"