இரண்டு என்றால் மூடியது

டெலிபோன் அலறியது.

கண்காணிப்பு அறையில் இருந்த ஆபரேட்டர் பெண் எடுத்தாள். மறுமுனையில் முதலாளி. சர்வர் அறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போகலாமா என்று கேட்டார்.

தீயை அணைக்கும் வாயு அந்த அறையில் கசிந்திருந்தால், நுழைந்த ஆள் திரும்ப மாட்டான். அதனால் அவள் திரையைப் பார்த்துச் சரி சொன்ன பிறகே யாரும் கதவைத் தொடுவார்கள்.

திரையில் பச்சை எழுத்து. வாயு வால்வு: மூடியது.

"போங்க சார்," என்றாள்.

போனார்... போயே போய்விட்டார்!

இன்ஸ்பெக்டர் அம்மா வந்தபோது ஆபரேட்டர் அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை. முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர். நெட்வொர்க் பிரிவுக்குத் தலைவர். மாமனார் செத்த துக்கம் முகத்தில் அளவாகப் பூசப்பட்டிருந்தது.

"இவளை அரெஸ்ட் பண்ணுங்க மேடம்," என்றார்.

"காரணம்?"

"வால்வுல இருக்கற கருவிக்கு வார்த்தை தெரியாது. நாம கேட்டா எஸ்.என்.எம்.பி.ங்கற நெட்வொர்க் மொழி வழியா எண்ணை மட்டும் அனுப்பும். ஒண்ணுன்னா மூடியது. ரெண்டுன்னா திறந்தது. எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு எம்.ஐ.பி. கோப்புல இருக்கு. அகராதின்னு வச்சுக்குங்க. அதைப் பார்த்துதான் திரையில வார்த்தை வரும்."

"சரி..."

"அந்த நேரத்துப் பதிவுல ரெண்டுன்னு இருக்கு. அப்ப திரையில சிவப்பா 'திறந்தது'ன்னு எரிஞ்சிருக்கும். இவ போனை நோண்டிட்டு இருந்திருக்கா."

ஆபரேட்டர் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சத்தியமா பச்சைதான் மேடம். பார்த்துட்டுத்தான் போங்கன்னு சொன்னேன். என் வாயாலயே அவரை அனுப்பிட்டேனே..."

சிறைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பது அவள் கவலை. அதைவிடப் பெரிய கவலை, தன் கண்ணையே அவள் சந்தேகிக்க ஆரம்பித்திருந்தாள். பாவம்!

மாப்பிள்ளையை மேல்மாடியில் அழுதுகொண்டிருந்த மாமியாரிடம் அனுப்பிவிட்டு, சமீபத்தில் இங்கே யாராவது எதையாவது மாற்றினார்களா என்று இன்ஸ்பெக்டர் விசாரித்தார். மாப்பிள்ளை சார் புது எம்.ஐ.பி. கோப்பு போட்டார், யாரும் கை வைக்கக் கூடாது என்றார்... வேறெதுவும் இல்லை என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளின் காதில் ஏதோ சொன்னார். அவர் நழுவினார்.

சற்று நேரத்தில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

"சர்வர் ரூமை ஒருதடவை சுத்திக் காட்டுங்க."

மாப்பிள்ளையின் கால்கள் கதவுப் பக்கம் போகவில்லை. கை கீபோர்டுக்குப் போனது. திரையில் ஒரு கட்டத்தைத் திறந்து, வார்த்தைக்குப் பின்னால் இருந்த எண்ணைப் பார்த்தார்.

2.

முகம் வெளுத்தது.

"என்ன மாப்பிள்ளை? வாங்க."

"வேணாம் மேடம். வாயு... வால்வு திறந்திருக்கு."

"திரையில பச்சையா 'மூடியது'ன்னு இருக்கே?"

"அது... அதை நம்ப முடியாது..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"காலையில மாமனாரும் அதைத்தான் நம்பினார். திரை சரியாத்தான் காட்டியிருக்கும்னு சாதிச்சீங்க. உங்க உயிர்னு வந்ததும் எண்ணைத் தேடறீங்க!"

இன்ஸ்பெக்டர் திரையைச் சுட்டிக் காட்டினார்.

"அந்த அகராதியில ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நேரா 'மூடியது'ன்னே எழுதி வச்சீங்க. உங்க சீட்ல இருந்தே வால்வைத் திறந்தீங்க. வாயு கசிஞ்சா அலற வேண்டிய சைரனும் அந்த வார்த்தையை நம்பிச் சும்மா இருந்துடுச்சு. கம்பெனியை மகள் பேருக்கு மாத்தி, உங்களை வெளிய அனுப்பப் போறதா அவர் சொன்னாராமே?"

மாப்பிள்ளை பொத்தென்று நாற்காலியில் விழுந்தார்.

ஆபரேட்டர் திரையை உற்றுப் பார்த்தாள். அதே பச்சை. அதே பொய். தன் கண்மேல் பழி இல்லை என்று புரிந்ததும் வாய்விட்டு அழுதாள்.

விலங்கு மாட்டிச் சர்வர் அறை வாசலுக்கு அழைத்துப் போனபோது மாப்பிள்ளை முனகினார். "கதவைத் திறந்துடாதீங்க... எல்லாரும் செத்துடுவோம்."

இன்ஸ்பெக்டர் நேராகப் போய்க் கதவைத் திறந்தார். அறைக்குள் நின்று நன்றாக மூச்சை இழுத்து விட்டார்.

"நீங்க மேல மாமியாருக்கு ஆறுதல் சொல்லிட்டு இருந்தப்பவே சிலிண்டரை எல்லாம் லாரியில ஏத்தி அனுப்பியாச்சு. வெறும் வால்வைத்தான் எங்க ஆள் திறந்து வச்சார்."

மாப்பிள்ளை திறந்த கதவு வழியே எட்டிப் பார்த்தார்.

"பேசாம இதுக்குள்ள போயிருந்தா வெளிய இருந்திருப்பீங்க, மாப்பிள்ளை. மாட்டேன்னுட்டீங்க... இப்ப உள்ள போறீங்க!"